‘கஸ்டிங் டு 65’: ஓர் ஆங்கில வரிக்குள் எத்தனை செய்தி?

(ஒரு கேள்வி-பதில் இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் தேதி, நேரம், எழுதியவரின் ஊர்.)

நவம்பர் 9, காலை 6.20 | பாம்பன் தென்கடல்

வானிலை மையத்தின் ஆங்கில அறிவிக்கையைத் தமிழாக்கி மீனவர்களுக்காக ஒலிபெருக்கியிலும் வாட்ஸ்அப் குரல்பதிவிலும் படிக்கிறோம். மூலம் ஒரே வரிதான்:

“ஸ்குவாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் 45–55 கேஎம்பிஎச் கஸ்டிங் டு 65 கேஎம்பிஎச் லைக்லி டு ப்ரிவெயில் ஓவர் கல்ஃப் ஆஃப் மன்னார் அண்ட் அட்ஜாயினிங் கோமோரின் ஏரியா.”

தமிழில் முழுசாச் சொன்னா நாலு வாக்கியம் ஆகுது, கேக்குறவங்க பாதியிலயே நகர்ந்துடுறாங்க. சுருக்கினா ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது. என் கணிப்பு: ஆங்கிலம் சிக்கனமான மொழி, தமிழ் நீட்டுற மொழி. சரியா?

நவம்பர் 9, காலை 8.05 | தங்கச்சிமடம்

இல்லை தம்பி. எண்ணிப் பாருங்க. அந்த ஆங்கில வரியில் 23 சொல். இதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

“மன்னார் வளைகுடாவிலும் அதை ஒட்டிய குமரிக்கடலிலும் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும்.”

17 சொல். ‘ஓவர்’ என்கிற சொல்லைத் தமிழ் ‘இல்’ என்று இடப்பெயரோடு ஒட்டிவிடுகிறது, ‘அண்ட்’டை ‘உம்’ ஆக்கி ஒட்டிவிடுகிறது, ‘லைக்லி டு’ என்ற இரண்டையும் ‘கூடும்’ என்று வினையோடு சேர்த்துவிடுகிறது. சிக்கனத்தில் தமிழுக்குக் குறைவே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஆங்கிலத்தில் தலைச்சொல், அதாவது எதைப் பற்றிய பேச்சோ அந்தச் சொல், முதலில் வந்துவிடும். ‘வெதர்’ இரண்டாவது சொல். மற்ற எல்லாம் அதன் வாலில் வரிசையாகத் தொங்கும்: வித், ரீச்சிங், கஸ்டிங், ஓவர். கேட்பவன் ‘வெதர்’ என்றதும் ஒரு முளையை ஊன்றிக்கொள்கிறான், பிறகு வருவதை ஒவ்வொன்றாக அதில் கட்டிக்கொண்டே போகிறான். தமிழில் எல்லாம் முன்னால் வந்து, வினை கடைசியில். ‘வீசக்கூடும்’ வரும்வரை 45, 55, 65 மூன்று எண்களையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுத்தில் படித்தால் சிரமமில்லை. ஒலிபெருக்கியில், அதுவும் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, எண்கள் கை நழுவும்.

அதனால் குரலுக்கு மட்டும் வரியை உடைத்துக்கொள்ளுங்க. முதலில் இடம், அடுத்து எப்போது, அடுத்து என்ன, அடுத்து எவ்வளவு, கடைசியில் என்ன செய்யணும். ஒரு வாக்கியத்துக்கு ஓர் எண்தான்.

இப்போது அந்த வரியின் உள்ளே. ‘ரீச்சிங்’ என்ற எச்சம் ‘இந்த அளவுவரை எட்டும்’ என்கிறது. காற்று எப்போதும் 45க்குக் குறையாது என்று அது சொல்லவில்லை. ‘கஸ்ட்’ என்பது சில வினாடி அடித்து அடங்கும் வீச்சு. ‘ஸ்குவால்’ அதைவிட நீளம்: உலக வானிலை அமைப்பின் வரையறைப்படி காற்று திடீரென 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) அளவாவது கூடி, 22 நாட்டுக்குக் குறையாமல் எட்டி, ஒரு நிமிடமாவது நிலைத்தால்தான் ஸ்குவால். வள்ளத்தைச் சாய்ப்பது பல நேரம் அந்தச் சில வினாடி வீச்சுதான். ஆகவே நேரமில்லாமல் ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்ல முடியும் என்றால் 65ஐச் சொல்லுங்க, 45ஐ விடுங்க.

‘லைக்லி’க்கு முன்னால் வரவேண்டிய ‘இஸ்’ விழுந்திருக்கிறது. பழைய தந்தி நடையின் மிச்சம். வினை எங்கே என்று தேடி மயங்க வேண்டாம், ‘லைக்லி’தான் பயனிலை. பொருள் ‘பெரும்பாலும்’.

நவம்பர் 9, காலை 9.30 | தங்கச்சிமடம்

விட்டுப்போனது ஒன்று, முக்கியமானது. ‘ஆஃப்’.

தமிழ் எழுத்தில் இரண்டு ‘ஆஃப்’பும் ஒன்றுபோல் விழும். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு ஒற்றை எஃப், இன்னொன்றுக்கு இரட்டை எஃப். ஒற்றை எஃப் உறவைச் சொல்வது: ‘கல்ஃப் ஆஃப் மன்னார்’, மன்னாரின் வளைகுடா. இரட்டை எஃப் கரையை விட்டு விலகிய கடலைச் சொல்வது: ‘ஆஃப் பாம்பன்’, பாம்பனுக்கு வெளியே கடலில். ‘அலாங் அண்ட் ஆஃப் சவுத் தமிழ்நாடு கோஸ்ட்’ என்று வந்தால் ‘தென் தமிழகக் கரையோரத்திலும் அதற்கு வெளியே உள்ள கடலிலும்’. ‘அலாங்’ மட்டும் என்றால் கரையோரம்.

ஒற்றை எஃப்பில் இன்னொரு பொறி. ‘200 கிலோமீட்டர் ஈஸ்ட் ஆஃப் பாம்பன்’. சிலர் இதைப் ‘பாம்பன் கிழக்கே இருக்கிறது’ என்று திருப்பிவிடுகிறார்கள். நிற்பது புயல், அளவு தொடங்கும் இடம் பாம்பன். தமிழில் நான்காம் வேற்றுமை இதை ஒரே இழுப்பில் முடிக்கும்: ‘பாம்பனுக்குக் கிழக்கே 200 கி.மீ.’ என்றால் முல்லைத்தீவுக்கு வெளியே உள்ள கடல். திருப்பிப் படித்தால் புயல் ராஜபாளையத்துக்கும் மேற்கே மலையடிவாரத்தில் போய் உட்காரும்.

நவம்பர் 9, மதியம் 1.15 | ஏர்வாடி

திசைச் சொல்லின் வாலையும் சொல்லுங்கண்ணே. ‘ஈஸ்டர்லி’, ‘ஈஸ்ட்வர்ட்ஸ்’ ரெண்டையும் ‘கிழக்குத் திசையில்’னே போட்டுடுறாங்க.

நவம்பர் 9, மதியம் 2.00 | தங்கச்சிமடம்

சரியான இடம். ‘-லி’ வந்தால் காற்று புறப்படும் திசை. ‘ஈஸ்டர்லி விண்ட்ஸ்’ கிழக்கிலிருந்து வருவது, நம்ம கொண்டல். ‘நார்த்ஈஸ்டர்லி’ வாடைக்காலத்துக் காற்று. ‘வெஸ்டர்லி’ கச்சான். ‘-வர்ட்ஸ்’ வந்தால் போகும் திசை. ‘மூவ்ட் வெஸ்ட்வர்ட்ஸ்’, மேற்கு நோக்கி நகர்ந்தது. கொண்டலும் வாடையும் கச்சானும் வரும் திசையை வைத்தே பெயர் பெற்றவை, அதனால் காற்றுக்குக் கடலோரப் பெயரையே போடுங்க, குழப்பமே வராது. ‘கிழக்குத் திசைக் காற்று’ என்பது எழுதக்கூடாத தொடர், வருவதா போவதா என்று யாருக்கும் தெரியாது.

நீரோட்டத்துக்கு மட்டும் மரபு தலைகீழ். ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் அதன் திசை. காற்றும் ஓட்டமும் ஒரே அறிவிப்பில் வந்தால் ‘இருந்து’, ‘நோக்கி’ இரண்டையும் கட்டாயம் எழுதுங்க.

நவம்பர் 10, காலை 7.10 | கீழக்கரை

‘லைக்லி’ = ‘பெரும்பாலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு ஆங்கிலத்தில் சரி. இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில் தவறு. அங்கே ‘அன்லைக்லி’ 25 விழுக்காட்டுக்குக் கீழ், ‘லைக்லி’ 25 முதல் 50, ‘வெரி லைக்லி’ 50 முதல் 75, ‘மோஸ்ட் லைக்லி’ 75க்கு மேல். ‘வெரி’, ‘மோஸ்ட்’ இரண்டும் அழுத்தத்துக்காகப் போட்ட சொற்கள் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு படி.

நவம்பர் 10, காலை 7.45 | தங்கச்சிமடம்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது சரி, நான் எழுதியது பிழை. மாற்றிக்கொள்ளுங்க: ‘லைக்லி’ வந்தால் ‘வீசலாம்’. ‘வெரி லைக்லி’ வந்தால் ‘வீசக்கூடும்’. ‘மோஸ்ட் லைக்லி’ வந்தால் ‘வீசும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது’. மேலே நான் கொடுத்த 17 சொல் வாக்கியமும் ‘வீசலாம்’ என்று முடியணும். தினம் ஒரே ஆட்களுக்குப் படிக்கிறவர்கள் இந்த மூன்றையும் மாறாமல் பிடித்துக்கொண்டால், ஒரே வாரத்தில் கேட்பவர்களுக்குப் படி புரிந்துவிடும். இன்று ‘லாம்’, நாளை அதே படிக்குக் ‘கூடும்’ என்று மாற்றினால் அந்தத் தகவல் போச்சு.

ஒரு எச்சரிக்கை: ‘வீசுமாம்’ வேண்டாம். தமிழில் அந்த ‘ஆம்’ ஓரசையில் ‘யாரோ சொன்னது, நான் பொறுப்பில்லை’ என்று சொல்லிவிடும். அதே செய்தியைச் சொல்ல ஆங்கிலம் தனியாக ‘ரிப்போர்ட்டட்லி’ என்று ஒரு சொல் போடணும். நமக்குக் கிடைத்த அருமையான கருவிதான், ஆனால் எச்சரிக்கையில் வந்தால் கேட்பவர் வதந்தி என்று எடுத்துக்கொள்வார்.

நவம்பர் 10, காலை 8.20 | கீழக்கரை

அளவுச் சொல் இன்னும் உண்டு. ‘ஹெவி ரெயின் அட் ஐசொலேட்டட் பிளேசஸ்’. ‘ஹெவி’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ., ‘வெரி ஹெவி’ 115.6 முதல் 204.4 வரை, அதற்கு மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. ‘ஐசொலேட்டட்’ இடத்தைச் சொல்வது: அந்த வட்டாரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாத இடங்கள். நம்ம ஊரில் இது ‘லேசாப் பெய்யும்’ என்று இறங்கிவிடுகிறது. பெய்யும் இடம்தான் குறைவு, பெய்கிற இடத்தில் கொட்டும்.

நவம்பர் 10, இரவு 9.40 | மூக்கையூர்

‘எர்லி அவர்ஸ் ஆஃப் 12த்’ என்றால் 12ஆம் தேதி விடியற்காலையா?

நவம்பர் 10, இரவு 10.05 | தங்கச்சிமடம்

இந்த இழையிலேயே மிகவும் ஆபத்தான சொல் இதுதான், நல்லவேளை கேட்டீங்க.

வானிலைத் துறைக் கணக்கில் நாள் ஆறு துண்டு, துண்டுக்கு நாலு மணி. ‘எர்லி அவர்ஸ்’ இரவு 12 முதல் 4, ‘மார்னிங்’ 4 முதல் 8, ‘ஃபோர்நூன்’ 8 முதல் 12, ‘ஆஃப்டர்நூன்’ 12 முதல் 4, ‘ஈவினிங்’ 4 முதல் 8, ‘நைட்’ 8 முதல் 12. தேதி நள்ளிரவில் மாறும்.

நம்ம பேச்சில் இரவு முந்தின நாளைச் சேர்ந்தது, விடிந்தால்தான் அடுத்த தேதி. ‘12ஆம் தேதி ராத்திரி 2 மணி’ என்று சொன்னால் கரையில் பலர் 12ஆம் தேதி பொழுது சாய்ந்து வரும் இரவை நினைப்பார்கள். அறிவிக்கை சொல்வதோ அதற்கு 24 மணி நேரம் முந்திய இரவு. முழுசா ஒரு நாள் பிசகும், 11ஆம் தேதி மாலை தொழிலுக்குப் போனவர் நடுக்கடலில் இருப்பார். எனவே தேதியோடு கிழமைகளையும் கட்டுங்க: ‘செவ்வாய் இரவு 12 மணிக்கு மேல், புதன் விடியற்காலை 4 மணிக்குள்.’ நீளும். நீளட்டும்.

‘பை’யும் ‘டில்’லும் இதே வகை. ‘பை ஈவினிங்’ என்றால் மாலைக்குள் நடந்து முடியும். ‘டில் ஈவினிங்’ என்றால் மாலைவரை நீடிக்கும். இரண்டையும் ‘மாலை வரை’ என்று போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ‘ரிட்டர்ன் டு கோஸ்ட் பை ஈவினிங்’ என்பது ‘மாலைக்குள் கரை சேரணும்’. ‘மாலை வரை திரும்பலாம்’ என்று படித்தால் அது அனுமதி ஆகிவிடும்.

நவம்பர் 11, காலை 6.50 | தங்கச்சிமடம்

காலம் காட்டும் வினைகள். ஒரு மாதிரி வரி:

“தி டீப் டிப்ரெஷன் மூவ்ட் வெஸ்ட்வர்ட்ஸ் வித் எ ஸ்பீட் ஆஃப் 12 கேஎம்பிஎச் டியூரிங் பாஸ்ட் 6 அவர்ஸ் அண்ட் லே சென்டர்ட் அட் 0530 அவர்ஸ்…”

முதல் சொல் ‘தி’. அது ‘உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது’ என்கிறது. ‘எ லோ பிரஷர் ஏரியா’ என்றால் புதிதாகப் பிறந்தது, ‘தி’ என்றால் முன்பே சொன்னது. வங்கக்கடலில் ஒன்று கரையை நெருங்கும்போதே பின்னால் இன்னொன்று உருவாகிற காலம் இது. அப்போது ‘எ’, ‘தி’ என்ற இந்த ஓரசைகள்தான் எது எது என்று காட்டும். தமிழில் ‘நேற்றுச் சொன்ன அதே தாழ்வு மண்டலம்’, ‘புதிதாக இன்னொன்று’ என்று வாய்விட்டுச் சொல்லுங்க.

‘லே’ என்பது ‘லை’யின் இறந்தகாலம், கிடந்தது, நிலைகொண்டிருந்தது. அகராதியில் ‘லே’ என்று தேடினால் ‘முட்டையிடு’, ‘பரப்பு’ என்று வரும், அது வேறு வினை. இறந்தகாலம் என்பதால் அது காலை 5.30 மணி நிலவரம். நீங்கள் 9 மணிக்குப் படித்தால் மூன்றரை மணி பழசு. மணிக்கு 12 கி.மீ. வீதம் 42 கி.மீ. நகர்ந்திருக்கும், பாம்பன் பாலத்திலிருந்து அரிச்சல்முனை போகிற தூரத்தைவிட அதிகம். ‘நிலைகொண்டுள்ளது’ என்று நிகழ்காலத்தில் படிப்பது இந்த 42 கி.மீ.யை விழுங்கிவிடும். ‘இன்று காலை ஐந்தரை மணிக்கு இருந்த இடம்’ என்று தொடங்குங்க.

வினையே படியைச் சொல்வதும் உண்டு. தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமாவதற்கு ‘கான்சென்ட்ரேட்’, அதற்கு மேல் வலுப்பதற்கு ‘இன்டென்ஸிஃபை’, இறங்குவதற்கு ‘வீக்கன்’. ‘வீக்கன்ட் இன்டு எ டிப்ரெஷன்’ என்றால் ஒழிந்தது என்று பொருளில்லை. டிப்ரெஷனிலேயே, அதாவது தாழ்வு மண்டலத்திலேயே, காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ., ‘டீப்’ சேர்ந்தால் 50 முதல் 61, 62ஐத் தொட்டால் புயல்.

நவம்பர் 11, காலை 7.30 | ஏர்வாடி

புரெவி புயல் நேரத்தில் ‘ப்ராக்டிகலி ஸ்டேஷனரி’ன்னு வந்ததை ‘நடைமுறையில் நிலையானது’ன்னு மொழிபெயர்த்து ஒரு தாள் சுத்துச்சு.

நவம்பர் 11, காலை 7.50 | தங்கச்சிமடம்

‘ஏறக்குறைய நகராமல்’ என்பதுதான் பொருள். 2020 டிசம்பர் 3, 4இல் அது இராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் நின்றது. நகராத மண்டலம் என்றால் காற்று குறைந்தாலும் மழை ஒரே வட்டாரத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். ‘நின்றுவிட்டது’ என்று படித்தால் ‘ஓய்ந்துவிட்டது’ என்று காதில் விழும். ‘நகராமல் அங்கேயே இருக்கிறது, மழை தொடரும்’ என்று சேர்த்தே சொல்லணும்.

நவம்பர் 11, மாலை 5.20 | தொண்டி

இழை கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லைன்னா: நிவாரண மனு ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த அடர்த்தியை எப்படிக் கொண்டுவர்றது? இப்ப எழுதுறது ‘ஐ ஹேவ் எ போட். இட் வாஸ் இன் தி சீ. விண்ட் கேம். போட் காட் டேமேஜ்’னு போகுது.

நவம்பர் 11, இரவு 8.15 | தங்கச்சிமடம்

விலகல் இல்லை, இதே விஷயத்தின் மறுபக்கம். நீங்கள் எழுதியது இலக்கணப்படி பெரிதாகத் தவறில்லை, ஆனால் நாலு வினையில் செய்தி ஒன்றே முக்கால்தான். இப்படி:

“மை ஃபைபர் போட், ஆங்கர்ட் ஆஃப் தொண்டி ஆன் தி நைட் ஆஃப் 7 நவம்பர், ட்ராக்ட் இட்ஸ் ஆங்கர் அண்ட் வென்ட் அக்ரவுண்ட். தி ஹல் இஸ் பார்ஷியலி டேமேஜ்ட்.”

இரண்டு காற்புள்ளிக்குள் ‘ஆங்கர்ட்’ என்ற ஒரே எச்சம், படகு எங்கே, எப்போது, எந்த நிலையில் இருந்தது என்று மூன்றையும் சுமக்கிறது. ‘ட்ராக்ட்’, ‘வென்ட்’ நடந்தவை. ‘இஸ்’ இப்போதும் அப்படியே இருக்கிறது என்பது. அங்கே ‘வாஸ்’ போட்டால் பிறகு பழுது பார்த்துவிட்டார்களா என்ற கேள்வி எழும். படகின் பதிவு எண்ணை முதல் வரியிலேயே போடுங்க.

சொல் தேர்வில் இன்னும் கவனம். ‘கேப்சைஸ்ட்’ கவிழ்ந்தது, மிதந்துகொண்டும் இருக்கலாம். ‘ஸ்வாம்ப்ட்’ தண்ணீர் ஏறி நிறைந்தது, ஆனால் கவிழவில்லை. ‘சேங்க்’ அடியில் போனது. ‘அட்ரிஃப்ட்’ கயிறு அறுந்தோ எஞ்சின் நின்றோ கட்டுப்பாடின்றி மிதப்பது. ‘அக்ரவுண்ட்’ தரை தட்டியது. ‘மூர்ட்’ கயிறு கட்டி நின்றது, ‘ஆங்கர்ட்’ நங்கூரத்தில் நின்றது, ‘பீச்ட்’ கரையில் ஏற்றி வைத்தது. ஆய்வுக்கு வருபவர் இந்தச் சொல்லை வைத்துத்தான் படகில் எந்தச் சேதத்தைத் தேடுவது என்று முடிவு செய்வார். தரை தட்டிய படகுக்குக் ‘கேப்சைஸ்ட்’ என்று எழுதினால் அடிப்பக்கக் கீறலுக்கும் மனுவுக்கும் பொருந்தாது.

நிவாரண விதிகளில் உள்ள சொல் ‘பார்ஷியலி டேமேஜ்ட்’, ‘ஃபுல்லி டேமேஜ்ட்’. வலைக்கும் அதே. ‘ஹெவிலி’, ‘பேட்லி’, ‘டோட்டலி’ என்று அலங்கரிக்காதீங்க, அந்தச் சொற்களுக்கு அட்டவணையில் இடமில்லை.

நவம்பர் 12, காலை 6.30 | பாம்பன் தென்கடல்

கூண்டு எண்களுக்கும் இப்படி இருக்கா? துறைமுகத்தில் ஏத்துற எண்ணை மட்டும் சொன்னா ‘ரெண்டு ஒண்ணைவிடப் பெருசு’ங்கிறதுதான் எல்லாருக்கும் தெரியுது.

நவம்பர் 12, காலை 7.25 | தங்கச்சிமடம்

முதல் நாலும் இரண்டு சோடிச் சொற்களின் பெருக்கல். ‘டிஸ்டன்ட்’ / ‘லோக்கல்’ எங்கே என்பது, ‘காஷனரி’ / ‘வார்னிங்’ எவ்வளவு என்பது. 1: டிஸ்டன்ட் காஷனரி. 2: டிஸ்டன்ட் வார்னிங். 3: லோக்கல் காஷனரி. 4: லோக்கல் வார்னிங். ஆகவே 2க்கும் 3க்கும் இடையில்தான் பெரிய தாண்டல், ஆபத்து தூரத்திலிருந்து நம்ம துறைமுகத்துக்கே வந்துவிடுகிறது.

5, 6, 7 மூன்றும் ‘டேஞ்சர்’. வலிமை ஒன்றே, வேறுபாடு பாதையில். 5இன் விளக்கத்தில் ‘கீப்பிங் தி போர்ட் டு தி லெஃப்ட் ஆஃப் இட்ஸ் ட்ராக்’ என்று வரும், துறைமுகம் அதன் பாதைக்கு இடதுபுறம் இருக்கும்படி. இடதுபுறம் யாருக்கு? ‘இட்ஸ்’ குறிப்பது புயலை. கரையில் கடலைப் பார்த்து நிற்கும் நமக்கு இல்லை. புயல் மேற்கு நோக்கி வந்தால் அதன் இடது தெற்கு. அப்படியானால் 5 ஏற்றினால் புயல் நமக்கு வடக்கே கடக்கும், காற்று மேற்கிலிருந்து அடிக்கும். 6 என்றால் நமக்குத் தெற்கே கடக்கும், காற்று கிழக்கிலிருந்து கடலோடு சேர்ந்து வரும். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 8, 9, 10 அதே மூன்று பாதைகள், ‘கிரேட் டேஞ்சர்’.

நவம்பர் 12, இரவு 9.10 | தங்கச்சிமடம்

‘ஆங்கர்ட்’டைப் பற்றி எழுதியபோது காற்புள்ளியை விளக்காமல் விட்டேன். ‘ஃபிஷர்மென் ஹூ ஆர் அவுட் அட் சீ ஆர் அட்வைஸ்ட் டு ரிட்டர்ன்’: காற்புள்ளி இல்லை, ஆகவே கடலில் இருப்பவர்களுக்கு மட்டும். அதையே ‘ஃபிஷர்மென்’னுக்குப் பின்னும் ‘சீ’க்குப் பின்னும் காற்புள்ளி போட்டு எழுதினால் எல்லா மீனவரும் கடலில்தான் இருக்கிறார்கள் என்றாகிவிடும். தமிழில் ‘கடலில் இருக்கும் மீனவர்கள்’ இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ‘ஏற்கெனவே கடலுக்குப் போயிருப்பவர்கள் திரும்பணும், கரையில் இருப்பவர்கள் இறங்க வேண்டாம்’ என்று இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

அடுக்குப் பெயர்களுக்கு வழி எளிது, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாங்க. ‘ஸ்டார்ம் சர்ஜ் வார்னிங்’: எச்சரிக்கை, எதற்கு? நீர் ஏற்றத்துக்கு, எதனால்? புயலால்.

‘நாட்ஸ் பெர் அவர்’ என்று எழுதாதீங்க. நாட் என்ற சொல்லுக்குள்ளேயே ‘மணிக்கு ஒரு கடல் மைல்’ இருக்கிறது, 1.852 கி.மீ. ஜிபிஎஸ்ஸில் நாட்டில் பார்ப்பவர்களுக்கு 65 கி.மீ. என்பது 35 நாட்.

நவம்பர் 13, காலை 5.55 | பாம்பன் தென்கடல்

எல்லாத்தையும் வச்சு இன்னைக்குப் படிக்கப்போறது இது, பாருங்க:

“மன்னார் வளைகுடா, குமரிக்கடல். இன்று காலை 8 மணியிலிருந்து நாளை மாலை வரை. சூறைக்காற்று வீசலாம். வேகம் 55 கி.மீ. வரை எட்டும். திடீர் வீச்சு 65 கி.மீ. வரை போகும், அது 35 நாட். காற்று வாடை. கரையில் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். கடலில் இருப்பவர்கள் இன்று மாலை வரை திரும்பணும்.”

நவம்பர் 13, காலை 6.05 | தங்கச்சிமடம்

இரண்டு திருத்தம். ‘எட்டும்’, ‘போகும்’ உறுதியாக ஒலிக்கின்றன, மூலம் ‘லைக்லி’தான், ‘எட்டலாம்’, ‘போகலாம்’. கடைசி வரியில் ‘மாலை வரை’யை எடுத்துவிட்டு ‘மாலை 4 மணிக்குள்’ என்று போடுங்க. எட்டு மணிக்குக் காற்று தொடங்குது, அதனால் கடைசி இரண்டு வாக்கியத்தையும் இரண்டு தடவை படிங்க.

நவம்பர் 13, காலை 6.12 | பாம்பன் தென்கடல்

மாத்தியாச்சுண்ணே. ஒலிபெருக்கியில் போகுது.